தீப்பெட்டியும் புஸ்தகமும்

கவிக்குக் கணக்குத் தெரியாது என்பார்கள். 1920-ஆம் வருஷம் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையைப் பாருங்கள்! தம் எழுத்துக்களை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிடத் திட்டமிட்டார். அச்சுச் செலவோடு விளம்பரத்துக்கும் தனியே தொகை ஒதுக்கினார். அதற்காக அவர் கேட்டது தானமன்று, வட்டியுடன் திருப்பித் தரும் கடன். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடத் தம் நூல்கள் எளிதில் விலைபோகும் என்று நம்பினார். (நம் வீடுகளில் தீப்பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவோம், புஸ்தகம் மட்டும் இரவல்!)

பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் கவி மறைந்தார். 1922-இல் அவர் மனைவி செல்லம்மாள், 'பாரதி ஆச்ரமம்' என்ற பிரசுராலயத்தைச் சென்னையில் தொடங்கி, முதற்காரியமாகச் சுதேச கீதங்களை அச்சேற்றினார்.