வலிப்பு வந்தவரின் குணத்துக்கு மதிப்பெண்

தேசிய வலிப்பு நோய் தினமான நவம்பர் 17 நெருங்கும்போது, வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது: ‘இ.இ.ஜி.யில் ஒன்றுமில்லை, இது மனம் சம்பந்தப்பட்ட வலிப்பு என்கிறார் டாக்டர். அப்படியானால் என் மகள் நடிக்கிறாளா? அவள் சுபாவமே அப்படியா?’

நடிப்பு அல்ல. தலையில் மின்முனைகளை ஒட்டி, எதிரே கேமரா வைத்து, வலிப்பு வரும்வரை காத்திருக்கும் வீடியோ இ.இ.ஜி. அறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. கண்கள் பெரும்பாலும் இறுக மூடியிருக்கின்றன. திரையிலோ வலிப்பு நோய்க்குரிய மின்அலை எழவே இல்லை. அந்தச் சில நிமிடங்கள் உடல் அவர் சொல்படி கேட்பதில்லை.

சுபாவம் பற்றிய கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும். சுபாவமே காரணம் என்பதற்கு நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டது, 1940களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்வேயும் மெக்கின்லியும் உருவாக்கிய எம்.எம்.பி.ஐ. கேள்வித்தாள். அதில் முதல் அளவுகோல் உடல்நலக் கவலை, இரண்டாவது மனச்சோர்வு, மூன்றாவது ஹிஸ்டீரியா. முதலும் மூன்றும் உயர்ந்து நடுவில் உள்ளது தாழ்ந்தால், வரைபடத்தில் ஆங்கில ‘வி’ எழுத்துபோலப் பள்ளம் விழும். இத்தகைய வலிப்புள்ளவர்களிடம் அது அடிக்கடி தென்பட்டதால், அதையே அவர்களின் ஆளுமை அடையாளமாக்கிவிட்டார்கள்.

அந்தக் கேள்விகளைப் படித்தால் மனம் கனக்கிறது. தலைவலி உண்டா, மயங்கி விழுந்ததுண்டா, உடலில் பலவீனமா? வாரம் இருமுறை தரையில் விழுந்து எழுபவர் ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வார்? அவர் சொல்வது நோயை. தாள் குறித்துக்கொள்வது குணத்தை. ஹிஸ்டீரியா அளவுகோல் பிறந்ததே, அந்தப் பெயர் ஏற்கெனவே சூட்டப்பட்ட நோயாளிகளின் பதில்களை மற்றவர்களின் பதில்களோடு ஒப்பிட்டுத்தான். நாள்பட்ட வலியால் அவதிப்படுகிறவர்களிடமும் இதே ‘வி’ தென்படுகிறது.

எல்லோருக்கும் ஒரே குணம் என்பதும் நிற்கவில்லை. நரம்பியல் மருத்துவர் மார்கஸ் ராய்பர் குழுவின் 2004 ஆய்வு மூன்று வகையினரைக் கண்டது: உணர்ச்சி கட்டுக்கடங்காதவர்கள், மிகையாகத் தன்னை அடக்கிக்கொள்பவர்கள், ஒதுங்கிப்போகிறவர்கள். முதல் இரண்டும் நேரெதிர். அமெரிக்க மனநலக் கையேடே 2013 பதிப்பில், இந்த நோய்தான் என்று முடிவுசெய்ய மனரீதியான காரணத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது.

இந்த வலிப்பு பெண்களுக்கு மட்டுமா? பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும்.

வலிப்பு மாத்திரை பலிக்குமா? இந்த வலிப்புக்குப் பலிக்காது. ஆனால் இருவகையும் சேர்ந்தே உள்ளவர்கள் உண்டு, தானாக நிறுத்தக் கூடாது.

வேறு சிகிச்சை? மனநலப் பேச்சுச் சிகிச்சை. 368 பேர் பங்கேற்று 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அதனால் வலிப்பின் எண்ணிக்கை திட்டவட்டமாகக் குறையவில்லை, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது.

அடுத்தமுறை வலிப்பு வந்தால், அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கைபேசியில் படமெடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மகளின் சுபாவத்தைவிட, அப்போது அவள் கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதே அவருக்கு உதவும்.