சாராயமா, கஞ்சாவா: எது கூடக் கெடுதி?

"சாராயம் லைசன் எடுத்த கடையில விக்கிற சாமான். கஞ்சாதான் ஆளைக் கெடுக்கும்" என்பார் அப்பா. "கஞ்சா ஒரு மூலிகை. குடிதான் ஈரலை அரிக்கும்" என்பான் மகன். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹந்தானை என்று கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்த வாக்குவாதம் நமக்குப் புதிதல்ல. அப்பாவின் பேச்சிலும் பாதி உண்மை, மகனின் பேச்சிலும் பாதி உண்மை. மற்றப் பாதியை இருவரும் மறைத்துக்கொள்கிறார்கள். அந்த மறைந்த பாதியை இம்முறை விளக்கமாகப் பார்ப்போம்.

சட்டம் ஒன்று, உடம்பு வேறு

நமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் உள்ள கடைகள் சாராயம் விற்கலாம். கசிப்புக் காய்ச்சுவதும் விற்பதும் குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மதுபானம் விற்கக்கூடாது என்கிறது. கஞ்சாவைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. ஆயுர்வேத வைத்தியர்கள் மட்டும் உரிய அனுமதியோடு மருந்துக்குப் பயன்படுத்தலாம்.

ஆனால் எது கூட விஷம் என்று தராசில் வைத்துப் பார்த்து இந்தச் சட்டங்கள் எழுதப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். அந்தக் காலத்திலேயே, 1904இலும் 1912இலும், இந்நாட்டு மக்கள் தவறணைகளுக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் நடத்தினார்கள். ஆகவே, "கடையில விக்கிறதால கெடுதி இல்ல" என்ற நியாயம் செல்லாது. அதேபோல, "இலை தானே, மூலிகை தானே" என்பதும் செல்லாது. அலரி விதையும் செடியில் காய்ப்பதுதான்.

2010ஆம் ஆண்டு பிரித்தானியாவில் பேராசிரியர் டேவிட் நட் தலைமையிலான நிபுணர்கள் 20 போதைப்பொருட்களை எடுத்து, பாவிப்பவருக்கு வரும் தீங்கையும் அடுத்தவருக்கு வரும் தீங்கையும் சேர்த்து 100க்குப் புள்ளி போட்டார்கள். மதுவுக்கு 72, ஹெரோயினுக்கு 55, கஞ்சாவுக்கு 20. மதுவுக்கு இவ்வளவு புள்ளி விழுந்ததற்கு ஒரு காரணம், அது எங்கும் கிடைப்பதும் குடிப்பவர் தொகை அதிகம் என்பதும் ஆகும். கஞ்சாவின் 20 என்பது பூச்சியமல்ல என்பதையும் மகன்மார் மறக்கக் கூடாது.

ஒரே இரவில் உயிரை எடுப்பது எது?

இதற்கு விடை மது. அளவுக்கு மிஞ்சினால் மது மூச்சை நிறுத்தும். மயங்கிக் கிடக்கும்போது வாந்தி தொண்டையில் அடைத்தும் மரணம் வரும். கஞ்சா மட்டும் இப்படி நேராக உயிரை எடுப்பது மிக மிக அரிது.

நமது ஆட்கள் அளவைக் "கால்", "அரை" என்றுதான் சொல்கிறார்கள். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில், 33 வீதச் சாராயமானால், ஏறக்குறைய 47 கிராம் சுத்தமான மதுசாரம் இருக்கிறது. 8 வீத ஸ்ட்ரோங் பியர் ஒரு பெரிய டின்னில், அதாவது 500 மில்லிலீற்றரில், 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. "பியர் தானே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நமது ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு 9 மணிக்கு அரைப் போத்தல் முடித்தவருடைய இரத்தத்தில், காலை 7 மணிக்குக் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கும்போதும் மது மிச்சமிருக்கலாம். எலுமிச்சைச் சாறு, பச்சைத்தண்ணிக் குளிப்பு, வெறுந்தேத்தண்ணி எதுவும் இதை வேகமாக்காது.

கசிப்பு இதைவிடப் பயங்கரம். அதில் எவ்வளவு வீதம், என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. 2019 பெப்ரவரியில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் கள்ளச்சாராயம் குடித்து 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போல கொழுந்து பறித்துப் பிழைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பெண்களும் அவர்களில் இருந்தார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. மெதனோல் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பல மணித்தியாலம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்கல் வரும். "வெறி இன்னும் இறங்கல்ல" என்று படுக்க வைத்துவிட்டால் பார்வையோ உயிரோ போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்து உண்டு.

ஒருவர் குடித்துவிட்டு எழுப்பியும் எழும்பாவிட்டால், மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வருடக்கணக்கில் என்ன நடக்கிறது?

மது ஈரலைச் சுருங்க வைக்கிறது, இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. 1988இலேயே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பு ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்கள் இதில் அடங்கும். குடியோடு புகையிலையும் சேர்ந்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் நமது பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் மட்டும் உலகில் 26 இலட்சம் பேர் மதுவினால் இறந்தார்கள்.

கஞ்சாவின் கெடுதி ஈரலில் அல்ல, மூளையில் தெரிகிறது. ஞாபகம், கவனம், படிப்பு ஆகியவற்றைத்தான் அது முதலில் தொடும். சுவீடனில் இராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களிடம், பாவிக்காதவர்களைவிட 6 மடங்கு கூடுதலாக மனச்சிதைவு நோய் காணப்பட்டது. கஞ்சா அடிக்கும் எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. குடும்பத்தில் மனநோய் இருந்தவருக்கும், சின்ன வயதில் ஆரம்பித்தவருக்கும்தான் ஆபத்து கூட. மூளை 25 வயது வரையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓ.எல். படிக்கும் பிள்ளை கையில் கஞ்சா போவது இதனால்தான் மோசம். காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுவதாக நினைப்பது, அறையை விட்டு வராதிருப்பது போன்றவற்றைக் கண்டால் செய்வினை என்று காலத்தைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கஞ்சா கலந்த லேகியம், மோதகம் என்று தின்னக் கொடுப்பதும் உண்டு. தின்றால் ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும். "ஒண்ணும் ஆகலயே" என்று இன்னொன்று தின்றவர்தான் நெஞ்சு படபடத்துப் பயந்து விழுவார். சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்தால் ஒன்று மற்றதன் மயக்கத்தைக் கூட்டும். அந்த நிலையில் ஆட்டோ ஓட்டுவதும் தொழிற்சாலை மெசினில் கை வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

"வெளிநாட்டுல சட்டமாக்கிட்டாங்களே" என்று இளைஞர்கள் போனைக் காட்டுகிறார்கள். உண்மைதான். கனடா 2018இல் அனுமதித்தது. அங்கேயும் மாகாணத்துக்கு ஏற்ப 18, 19, 21 வயது என்று எல்லை போட்டே அனுமதித்தார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. இங்கே ஒரு வழக்கில் மாட்டினால் நீதிமன்றம், தண்டப்பணம், பிறகு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும்போது சிக்கல் என்று அது தொடரும்.

வீட்டுக்கு எது கூடப் பாரம்?

நமது தோட்டங்களில் குடிதான். சம்பளம் வீடு வந்து சேருமுன் கடைக் கடனுக்குப் போகிறது. பிள்ளையின் சப்பாத்தும் கொப்பியும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகின்றன. எட்டு மணித்தியாலம் மலையில் நின்ற பெண், இரவில் அடியும் வாங்குகிறாள். உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு மாதத்துக்கு எழுதிப் பாருங்கள்: குடிக்குப் போன காசு எத்தனை நாள் பேருக்குச் சமம்? நாங்கள் சொல்வதைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும். கஞ்சா வீட்டில் இவ்வளவு சத்தம் போடுவதில்லை. அது படிப்பையும் வேலையையும் சத்தமில்லாமல் கைவிட வைக்கிறது.

விடுவது எப்படி?

இங்கேதான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கஞ்சாவை நிறுத்தினால் சில நாள் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, இல்லாத ஆளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை விடுவது நல்ல காரியம். தினக்குடியர் மட்டும் மாலை போடுவதற்கு முந்தியே வைத்தியரைக் கண்டு, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

குடிக்கு அடிமையாவது ஒழுக்கக்கேடு மட்டுமல்ல, மருந்து உள்ள நோயும்கூட. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் மனநலச் சிகிச்சை உண்டு. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் சிகிச்சை நிலையம் நடத்துகிறது. அதன் ஆலோசனைத் தொலைபேசி 1927. மனநல உதவிக்கு 1926, அடி உதைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. குடித்தவர் "செத்துப் போறேன்" என்று சொன்னால், வெறிப்பேச்சு என்று தள்ளிவிடாமல் பக்கத்தில் இருங்கள். தோட்ட மருந்து வகைகளைப் பூட்டி வையுங்கள்.

அப்பாவுக்கும் மகனுக்கும் நாங்கள் சொல்வது இதுதான். தோட்டத்தில் இன்று கூடுதலான உயிரையும் காசையும் கொண்டுபோவது சாராயமும் கசிப்பும். கூடுதலாக இளம் மூளையைக் குழப்பக்கூடியது கஞ்சா. ஒன்றின் கெடுதியைக் காட்டி மற்றதை நல்லதாக்க முடியாது. மகனிடம் கஞ்சாவை விடச் சொல்லும் அப்பா, தன் கால் போத்தலையும் கீழே வைத்தால் அந்தப் பேச்சுக்கு மரியாதை கிடைக்கும். தனியாக முடியாவிட்டால் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ வந்து பேசுங்கள். மனைவியோ தாயோ முதலில் வந்தாலும் சரிதான்.