தெற்கே மணல்... வடக்கே பாறை!

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மெரினா மணலில் எத்தனை பந்துகள் பறக்கின்றன என்று எண்ணி மாளாது. ராயபுரம் தாண்டி, திருவொற்றியூர் பக்கம் போனாலும் அதே வங்கக் கடல்தான். ஆனால், அங்கே நீண்ட தூரத்துக்குக் கருங்கல் குவியல்தான் கரை. பிள்ளைகள் ஓடியாட மணல் எங்கே போனது?

சுவர் செய்த வேலை

நம் கடற்கரையில், ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தும். 1875-ல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர், மணலை வழிமறித்தது. தெற்கே மணல் சேரச் சேர மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்தது. அலை அரிப்பது மட்டும் நிற்கவில்லை. வீடுகளையும் சாலையையும் காப்பாற்றக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. மெரினாவுக்குக் கிடைத்த திடல், ஒருவகையில் ராயபுரம் இழந்த திடல்!

ஆங்கிலேயர் காலத்தில் படகு சவாரிக்கும் ஓய்வுக்கும் ஆட்கள் தேடிப்போன ஊர் எண்ணூர். இன்று அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும்தான் அதன் அடையாளம்.

சந்துக்குள் சாம்பியன்கள்

இடம் சுருங்கியும் விளையாட்டு சுருங்கவில்லை. ஒரு பலகை போடும் இடம் போதும் என்பதால், கேரம் வடசென்னையின் சந்துகளில் வேர்விட்டது. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். கால்பந்துக்கு வியாசர்பாடி. குத்துச்சண்டைக்கு இந்த மண் கொடுத்த மரியாதையை, 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' உலகுக்கே காட்டியது.

பார்சிலோனா காட்டிய வழி

மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் ஸ்பெயினின் பார்சிலோனாவும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தது. தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் ஊருக்கும் கடலுக்கும் குறுக்கே நின்றன. 1992 ஒலிம்பிக்கைச் சாக்காக வைத்து அவற்றை அகற்றி, மணல் கொட்டிக் கடற்கரைகளை உருவாக்கினார்கள். போட்டி முடிந்த பிறகும் ஊர் மக்கள் அங்கேதான் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள்.

வடசென்னையில் துறைமுகத்தை நகர்த்த முடியாது. அது பல்லாயிரம் பேரின் சோறு. ஆனால், திருவொற்றியூர் கரையோரம் கல்லால் அமைத்த தூண்டில் வளைவுகளுக்கு இடையே ஆங்காங்கே மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. வழிமறித்தால் மணல் தங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 2024-ல் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில், அந்த மணல் திட்டுகளுக்கும் விளக்கு, கழிப்பறை, உயிர்காக்கும் காவலர் என்று ஒரு பங்கு ஒதுக்கினால் பிள்ளைகளுக்குத் திடல் தயார்.

அதுவரை பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: கல் தடுப்புகளை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும். பாறைகளும் வழுக்கும். மணலில் ஆடட்டும், அங்கே கடலில் இறங்க வேண்டாம்!