பழைய வண்டியிற் புதிய வானொலி

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் வண்டிக்கு என்னிலும் வயது மிகுதி. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட இவ்வகை வண்டிகள், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கென்றே அளவெடுத்து அமைத்தவை போல்வன. 1990களின் முற்பகுதியிற் பெற்றோல் கிடையாதபோது, சிறிது பெற்றோல் வார்த்து உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தையும் அது கடந்துவந்தது. அதன் முகப்பின் கீழே என் தந்தையார் பொருத்துவித்த வானொலி ஒன்று தொங்கிற்று. அது ஊமையாகி ஆண்டுகள் பல.

என் அன்னையார்க்குக் கண்ணொளி குன்றிவிட்டது. பத்திரிகை வாசித்தல் இயலாது, வானொலியே துணை. வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலும் செய்தி கேட்கவேண்டும் என்பது அவர் விருப்பம். என் மகன் கொழும்பிலிருந்து புதிய பெட்டி வாங்கிவந்தான். நகரத்துக் கடையொன்றில் வண்டியை விட்டோம். அங்கிருந்த இளைஞர், புதிய பெட்டியின் கறுப்பு வயரை வண்டியின் உடம்பிலே முறுக்கி ஆணியிட்டார். பியூஸ் எரிந்தது. எரிந்த பியூசுக்குப் பதிலாக அவர் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்தார். பழைய நூற்சுற்று வயர் புகைந்தது. அந்த மணத்தை நான் எளிதில் மறவேன்.

பின்னர் எங்களூர்க் கராஜுக்குச் சென்றோம். அங்குள்ள முதியவர் பார்த்த மாத்திரத்தே சிரித்தார். "பண்டிதர் ஐயா, இந்தக் காருக்குப் பிளஸ் ஏர்த். இப்பத்தை ரேடியோவுக்கு மைனஸ் ஏர்த். ரெண்டையும் நேரே கட்டினால் எரியாமல் என்ன செய்யும்?"

காரில் மின்னோட்டம் பொருள்களுக்குச் செல்லவோ மீளவோ ஒரு வழிக்குத்தான் வயர் உண்டு. மற்றை வழி வண்டியின் இரும்புடம்பே. பெற்றறியின் எந்த முனையை உடம்பிற் கட்டுகிறோமோ அதுவே ஏர்த். 1950களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் அது நேர்முனை. இக்காலப் பெட்டிகளோ எதிர்முனைக்கே அமைந்தவை. நிலைமொழி ஈற்றையும் வருமொழி முதலையும் நோக்காது புணர்த்தலாகாது என்று முப்பதாண்டு மாணாக்கர்க்கு உரைத்தவன் நான். இங்கே நோக்காது விட்டேன்.

முதியவர் வண்டியின் முனையையே மாற்றத் துணிந்தார். முதலில் பெற்றறியின் ஏர்த்தைக் கழற்றினார். பழைய பெட்டியின் ஆணிகள் துருவேறிக் கிடந்தமையால், மண்ணெண்ணெய் தடவி ஓரிரவு விட்டு மறுநாட் கழற்றினார். பெற்றறியைத் திருப்பிவைத்தபோது கவ்விகள் பொருந்தவில்லை. நேர்முனைத் தண்டு சற்றே தடித்தது. அவற்றையும் மாற்றினார். விளக்குகளுக்கும் ஸ்டாட்டருக்கும் எம்முனையாயினும் ஒன்றே. இக்னிஷன் கொயிலின் இரு வயர்களை மட்டும் இடம்மாற்றினார்.

எனக்கு வியப்பளித்தது டைனமோவே. அதன் இரும்பில் எஞ்சிநிற்கும் சிறு காந்தம் பழைய திசையையே பற்றிக்கொண்டிருக்குமாம். அதனைத் திருப்ப, ரெகுலேற்றரில் ‘எஃப்’ என்று குறித்த முனையின் வயரைக் கழற்றி, பெற்றறியிலிருந்து மின் வரும் முனையில் இரண்டு மூன்று தரம் கணப்பொழுது தொட்டெடுத்தார். சிறு பொறி தெறித்தது. அவ்வளவே.

பழைய ஒலிபெருக்கியின் ஒரு வயர் உடம்பிலே கட்டப்பட்டிருந்தது. புதிய பெட்டிக்கு அது நஞ்சு. இரு வயரும் தனித்தே செல்லல் வேண்டும். அதனாற் புதிய வயர்கள் இழுத்தார். மஞ்சள் வயர் எந்நேரமும் மின்னுள்ள இடத்திற்கு. பெட்டியின் நினைவு அதனாலே நிற்பது. சிவப்பு, திறப்பைத் திருப்பினால் மின் வரும் இடத்திற்கு. பேரோசை எழுப்பும் பெருக்கி ஒன்றும் வேண்டுமென்றான் மகன். டைனமோ தருவது ஏறக்குறைய 20 அம்பியரே. வண்டி நின்று உறுமும்போது அதுவுமில்லை என்று கூறி மறுத்தார் முதியவர். நானும் உள்ளூர மகிழ்ந்தேன்.

புதிய பெட்டிக்கு 182 மில்லிமீற்றர் அகலமும் 53 மில்லிமீற்றர் உயரமும் உடைய துளை வேண்டும். முகப்பை வெட்ட நான் இசையவில்லை. ஆகவே இடப்பக்கத்துச் சிற்றறையினுள்ளே அதனை ஒடுக்கினார். வானொலி தெளிவாகப் பாடிற்று.

அன்னையார் வண்டியில் ஏறி அமர்ந்தார். அவர் கை, முகப்பின் கீழே வழக்கமான இடத்தைத் துழாவி வெறுமையைத் தொட்டது.

"இங்கை கிடந்த ரேடியோ எங்கை தம்பி?"

புதிய பெட்டியின் சிறு பொத்தான்கள் அவர் விரலுக்கு அகப்படவில்லை. மறுநாட் பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு மீண்டும் கராஜுக்குப் போனேன். முதியவர் சற்றுநேரம் யோசித்தார். பின் அதனைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டு, புதியதன் சிவப்பு வயரை அதன் சுவிச்சினூடாகச் செலுத்தினார். இப்பொழுது அன்னையார் பழைய குமிழைத் திருகுகிறார். சிற்றறைக்குள்ளிருந்து செய்தி வருகின்றது. தந்தையாரின் பெட்டி திருந்திவிட்டதென்றே அவர் எண்ணியிருக்கிறார், நான் திருத்தவில்லை.