கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா வரை: வான்வழியில் மீக்காத்



உம்றாவுக்குப் புறப்படும் பெற்றோரின் பயணச்சீட்டை வாசித்து விளக்குவது இன்று பெரும்பாலும் வீட்டிலுள்ள இளைஞரின் பொறுப்பாகவே இருக்கின்றது. அதில் பகல் 2 மணிக்குப் புறப்பாடு, மாலை 5.30க்கு ஜித்தா என்றிருந்தால், பயணம் மூன்றரை மணித்தியாலம் என்று எண்ணிவிடலாகாது. புறப்படும் நேரம் இலங்கை நேரம். சேரும் நேரம் சவூதி நேரம். இவ்விரண்டுக்கும் இடையே இரண்டரை மணித்தியால வேறுபாடு உண்டு. கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் சுமார் 4,650 கிலோ மீற்றர். நேரடி விமானத்துக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் தேவை.

இக்கணக்கு ஏன் முக்கியம்? ஹஜ், உம்றாவை நாடிச் செல்பவர் இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடக்கலாகாது. நஜ்து வாசிகளுக்குக் கர்னுல் மனாஸிலையும், யமன் வாசிகளுக்கு யலம்லமையும் எல்லைகளாக நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்தார்கள். அவ்வழியே வரும் ஏனையோருக்கும் அவையே எல்லைகள். கிழக்கிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் பொதுவாகத் தாயிபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸிலின் எல்லையைக் கடந்தே இறங்குகின்றது. கப்பலில் சென்ற நம் முன்னோருக்கு ஆயத்தமாக அவகாசம் இருந்தது. விமானமோ நிமிடத்துக்குப் பதினைந்து கிலோ மீற்றர் பறக்கின்றது. சற்றுக் கண்ணயர்ந்தாலும் எல்லை பின்னால் போய்விடும்!

மற்றொரு தவறும் நிகழ்வதுண்டு. விமானத்தில் ஏறியதும் கைக்கடிகாரத்தைச் சவூதி நேரத்துக்கு மாற்றிவிட்டு, "2 மணிக்குப் புறப்பட்டோம், ஆறு மணித்தியாலம், ஆகவே 8 மணிக்கு இறங்குவோம்" எனக் காத்திருப்பர். விமானமோ அக்கடிகாரத்தில் 5.30க்கே இறங்கிவிடும். எனவே, கடிகாரத்தை இலங்கை நேரத்திலேயே விட்டுவைத்து, இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாக, அதாவது இலங்கை நேரம் 7 மணிக்கு, நிய்யத் வைத்துத் தல்பியாவை ஆரம்பிப்பது பாதுகாப்பானது. சில விமானங்களில் மீக்காத் அறிவிக்கப்படும். அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

ஆண்கள் இஹ்ராம் உடையை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொள்ளலாம். நிய்யத்தைப் பின்னர் வைக்கலாம். உடையைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு ஆகாயத்தில் கைபிசைந்து நிற்போரும் உளர். அத்தகையோர் நிய்யத்தைப் பிற்படுத்தக் கூடாது. ஏனெனில் இஹ்ராம் என்பது நிய்யத்தே. உடை பற்றிய குறைக்குரிய பரிகாரத்தை உலமாக்களிடம் கேட்டறியலாம். இஹ்ராமின்றிக் கடந்தவரோ மீக்காத்துக்குத் திரும்ப வேண்டும். இன்றேல் ஓர் ஆட்டைப் பலியிட வேண்டும்.

துபாய் வழியாகச் செல்வோருக்கு முதற்கட்டம் சுமார் 3,290 கிலோ மீற்றர், அடுத்தது சுமார் 1,700 கிலோ மீற்றர். இரண்டாம் கட்டம் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுவதால், துபாயிலேயே உடை மாற்றிக்கொள்வது இலகு. முதலில் மதீனா செல்வோருக்கு இக்கவலை இல்லை; அவர்கள் மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் அணிவர்.