அடைக்கலத்திற்கு அடுத்த வீடு

கூரையுள்ள கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ரயில் நிலையம், கோயில் வாசல் போன்ற இடங்களில் வாழ்வோரையே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று வகுக்கிறது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கில் இவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். இரவுக்கு இரவு இடம் மாறிப் படுப்பவர்களை ஓர் இரவில் எண்ணி முடிப்பது அரிது என்பதால், இந்த எண்ணைக் குறைந்த அளவாகக் கொள்வதே பொருத்தம்.

உணவுரிமை வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளை ஒட்டி, பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வீதம் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்ற நெறி உருவானது. சென்னையில் மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு இத்தகைய காப்பகங்களை நடத்திவருகிறது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் காப்பகத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என வரையறுத்தது. ஐந்தடிக்குப் பத்தடி கொண்ட அந்த இடம் மழையிலிருந்தும் வன்முறையிலிருந்தும் ஒருவரைக் காக்குமே தவிர, அது வீடாகிவிடாது. காப்பகத்திலிருந்து அவர் எங்கே போவார் என்பதே அடுத்த கேள்வி.

அக்கேள்விக்கான தெளிவான விடைகளுள் ஒன்று, 2011இல் மேனாம்பேடு உள்ளிட்ட அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததால் நகரின் பகுதியாகிவிட்ட மேற்குப் புறத்திலேயே, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தெற்கே முகப்பேரில் உருவானது. மனநோயுடன் தெருவில் திரியும் பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் 1993இல் தொடங்கிய தி பேன்யன் என்னும் அமைப்பு, அங்கு நடத்தும் இல்லத்திற்கு அடைக்கலம் என்று பெயரிட்டது. தெருவிலிருந்து மீட்கப்படும் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்து, நினைவு தெளிந்ததும் அவர் சொல்லும் ஊர்ப்பெயரையும் பேச்சு வழக்கையும் துப்பாகக் கொண்டு குடும்பத்தைத் தேடி, பலரை ஊர் சேர்ப்பது அவ்வில்லத்தின் பணி. ஆனால், நோய் தணிந்த பின்னும் ஏற்றுக்கொள்ள ஆளின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்ட பெண்களும் இருந்தனர். மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது குடியிருக்க ஒரு வீடு.

அவர்களுக்காகவே ஹோம் அகெய்ன், அதாவது மீண்டும் ஒரு வீடு, என்ற திட்டம் பிறந்தது. சாதாரணத் தெருவொன்றில் வீடு வாடகைக்கு எடுக்கப்பட, நான்கைந்து பெண்கள் அதில் ஒரு குடும்பம்போல் வாழ்கின்றனர். என்ன சமைப்பது, எப்போது உறங்குவது, யாரை விருந்துக்கு அழைப்பது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்கின்றனர். தேவைக்கேற்ப உதவியாளர் ஒருவர் துணை நிற்கிறார். விடுதிக் கால அட்டவணையில் பல ஆண்டுகளைக் கழித்த ஒருவருக்குத் தம் அடுப்பைத் தாமே பற்றவைப்பது சிறிய செய்தியன்று. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டி இத்திட்டத்தை நன்முயற்சிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பரிஸ் தொடங்கிய, முதலில் வீடு, பிறகு மற்றவை என்னும் அணுகுமுறையும் இதே உண்மையைத்தான் வேறொரு மண்ணில் கண்டறிந்தது.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிறுவனத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் மனநோயுடன் திரிபவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் ஏற்று, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும், அவரைக் காவல் நிலையச் சிறையில் அடைக்கலாகாது என்கிறது 100ஆம் பிரிவு. எனவே, தெருமுனையில் அத்தகைய ஒருவரைக் காணும் குடியிருப்போர் சோறு கொடுப்பதோடு நின்றுவிடாமல், காவல் நிலையத்திற்குத் தெரிவித்து இப்பிரிவைச் சுட்டிக்காட்டவும் முடியும்.

ஆயினும், மீண்டும் ஒரு வீடு வேண்டுமானால் வாடகைக்கு விட ஒருவர் முன்வர வேண்டும். தடைகள் அங்கேதான் கூடி நிற்கின்றன. தனித்து வாழும் பெண்களுக்கும், தொழிற்பேட்டையை நம்பி வந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் வீடு மறுக்கப்படுவது இப்பகுதியில் பலரும் அறிந்ததே. மறுக்கப்படாதவர்களையும் சென்னையில் ஊறிப்போன பத்து மாத அட்வான்ஸ் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. வீடு தேடி அலைபவர் எந்த உடன்பாட்டுக்கும் கையெழுத்திடுவார் என்பதால், அந்த விதிவிலக்கே விதியை விழுங்கிவிடுகிறது. அதை நீக்கக் கோருவது நியாயமானது.

அரசு நினைத்தால் ஏழைக்கு நகருக்குள்ளேயே இடம் தர முடியும் என்பதற்கும் முகப்பேரே சான்று. உலக வங்கிக் கடனுதவியுடன் 1970களின் பிற்பகுதியில் வில்லிவாக்கம், அரும்பாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும் அதன் பின்னர் முகப்பேரிலும் சாலை, குடிநீர், வடிகால் அமைத்துச் சிறு மனைகளாகப் பிரித்து, குறைந்த வருவாயினரும் வாங்கிச் சிறுகச் சிறுக வீடு கட்டிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2000க்குப் பிறகோ கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தோர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டனர்; கூரை கிடைத்தது, வீட்டுவேலையும் கூலிவேலையும் இருந்த தெருக்கள் தொலைவில் போயின.

வேலையிடத்தை ஒட்டியே அரசு குடியிருப்பு கட்ட முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 1960களிலேயே தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் அரசு கட்டி அரசே வாடகைக்கு விடும் வீடுகளைக் கேட்கும்போது, அவற்றில் ஒரு பங்கைக் காப்பகங்களிலிருந்து வெளியேறுவோருக்கு ஒதுக்குமாறும் மேனாம்பேட்டினர் சேர்த்துக் கேட்கலாம். அட்வான்ஸ் இன்றி, தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் வீடுகளாக.