ஜரியாவின் அணையாத் தீ

எட்டயபுரத்து மாணவர்களே, தூத்துக்குடித் துறைமுகத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் நிலக்கரியைப் பார்த்திருப்பீர்கள். யாரும் கொளுத்தாமலேயே அது தீப்பற்றக்கூடும் என்பது தெரியுமா?

காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் நிலக்கரி மெதுவாகச் சேரும்போது வெப்பம் உண்டாகிறது. நிலக்கரியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உள்ளே சூடு தேங்குகிறது. சூடு ஏற ஏற வினையும் விரைவாகிறது. காற்று பலமாக வீசினால் வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடும். காற்றே இல்லையென்றால் வினையும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் ஆபத்து.

குவியலில் சூடேறிய பகுதியை அள்ளிப் பரப்பி ஆறவைக்கலாம். பூமிக்குள் இருக்கும் கரியை என்ன செய்வது? ஜார்க்கண்டில் உள்ள ஜரியாவில் 1916ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சுரங்கத் தீ இன்னும் முற்றிலும் அணையவில்லை. கைவிட்ட சுரங்கங்களின் வெடிப்புகள் வழியே காற்று நுழைகிறது. அகழி வெட்டினார்கள், மண்ணால் மூடினார்கள், நைட்ரஜனும் செலுத்தினார்கள். தீயின் பரப்பு குறைந்தது. ஆனால் கரி எரிந்த இடம் குழியாகி, மேலே வீடுகளோடு தரை உள்வாங்குகிறது.

மக்களை இடம் மாற்ற 2009இல் மத்திய அரசு பெருந்திட்டம் வகுத்தது. பேல்கரியாவில் குடியிருப்புகள் எழுந்தன. பலர் போக மறுத்தார்கள். பிடிவாதமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரங்கத்தை ஒட்டிப் பிழைத்தவர்களுக்கு, வேலையில்லாத ஊரில் வீடு மட்டும் சோறு போடுமா?

2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற 5,940 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் உதவித்தொகை, 3 லட்சம் வரை கடன் வசதி, தொழிற்பயிற்சி ஆகியவை அதில் உண்டு. நிலத்துக்குப் பட்டா இல்லாத குடும்பங்களும் உதவித்தொகை பெறலாம்.